மாதவரத்தில் ஏதுங்க வயல்?

ஒரு வாசகர் கேட்டது: "வடசென்னை என்றால் துறைமுகம், மில்லு, ரயில்வே ஒர்க்‌ஷாப், மீன். அங்கே ஏது விவசாயி? மாதவரத்தில் எங்கள் தாத்தா நெல் போட்டார் என்று ஆபீசில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கதை அளக்கிறாரா?"

11 ஜனவரி 2025, இரவு

கதை அளக்கவில்லை, நெல்தான் அளந்திருப்பார். என் தாத்தாவும் அதே பக்கம். மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவே, இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டை ஒட்டி இரண்டு காணி நஞ்சை, ஒரு கிணறு, கொஞ்சம் கீரைப்பாத்தி. காணி என்றால் ஏறத்தாழ ஒரு ஏக்கர்.

ஏரியில் தண்ணீர் இருந்தால் மூன்று போகம். சித்திரை வாக்கில் நடுவது சொர்ணவாரி, ஆவணியில் அறுப்பு. அதன்பின் சம்பா, தை வரை. சம்பா அறுத்த ஈரம் காய்வதற்குள் நவரை. இந்தச் சொர்ணவாரி என்ற சொல்லைத் திருச்சிக்குத் தெற்கே சொன்னால் ஏதோ நகைக்கடைப் பெயர் என்று நினைப்பார்கள். பழைய செங்கல்பட்டு, ஆற்காடு ஜில்லாக்காரர்களுக்குப் புரியும்.

கீரையும் கத்தரிக்காயும் கொத்தவால்சாவடி மார்க்கெட்டுக்குப் போகும். நள்ளிரவு ஒரு மணிக்கு மாடு பூட்டினால் விடிவதற்குள் இறக்கிவிடலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, தங்கசாலை, இதுதான் வழி. ஏழு வயதில் ஒரே ஒரு முறை என்னை ஏற்றிக்கொண்டு போனார். கீரைக்கட்டுகள் மேல் நனைத்த கோணி, கோணி மேல் நான். விடிந்து இறங்கும்போது பாவாடை முழுக்கப் பச்சைக் கறை. திரும்பி வரும்போது வண்டியில் கடலைப் புண்ணாக்கு. அந்த வாசனையில் பசி எடுத்து ஒரு துண்டை உடைத்துத் தின்றேன். தாத்தா திட்டவில்லை. "மாட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வை" என்றார்.

நிலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான்: கவர்மெண்டு எடுத்துக்கொண்டது.

12 ஜனவரி, காலை

நேற்று எழுதியதை அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினேன். அத்தைக்கு எண்பத்து மூன்று. மீஞ்சூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்.

"அய்ய, யார்றீ சொன்னது திருவொட்டியூர் வழின்னு? மூலக்கடை, வியாசர்பாடி, பேசன் பிரிட்ஜி. அப்டித்தான் வண்டி போவும். திருவொட்டியூருக்குப் போனது தேர் பாக்க. நீ மாசித் திருவிழாவையும் மார்க்கெட்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கினே."

குழப்பியிருக்கிறேன். வடிவுடையம்மன் கோயில் வாசலில் அவல்கடலை வாங்கித் தந்தது தனி நாள். நாற்பத்தெட்டு வருடமாக இரண்டு வண்டிப் பயணத்தை ஒரே பயணமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கறை எந்தப் பயணத்துடையது என்று அத்தையிடம் கேட்கவில்லை. இருப்பதையும் பிடுங்கிக்கொள்வார்.

12 ஜனவரி, மதியம்

காணி கணக்கும் தப்பு. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் காலையிலேயே குறிப்பு அனுப்பிவிட்டார். காணி ஒரு ஏக்கர் இல்லை, 1.32 ஏக்கர். அவர்கள் ஊர் வேலி 6.6 ஏக்கர், அதாவது சரியாக 5 காணி.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று தட்டுப்பட்டது. எங்கள் பக்கத்துக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. அதை 24-ஆல் வகுத்தால் 2,400. அதுதான் நம் கிரவுண்டு! ஃபிளாட் விளம்பரம் முதல் வீட்டு புரோக்கர் வரை எல்லோரும் சொல்கிற அந்த ஒரு கிரவுண்டு, காணியை இருபத்து நான்கு மனையாகப் பிரித்ததில் ஒன்று. வேறு ஊரில் சென்ட் என்பார்கள். சென்னையில்தான் இந்த அளவு. அப்படியென்றால் தாத்தாவின் வயல் 48 கிரவுண்டு. இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. என் தம்பி மத்தியானச் சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்றைய விலையால் பெருக்க ஆரம்பித்துவிட்டான்.

13 ஜனவரி, போகி

விடியற்காலையிலிருந்து டயர் புகை. ரெட்டேரிப் பக்கம் எதிர்வீடு தெரியவில்லை. தாத்தா காலத்துப் போகிக்குப் பழைய பாயும் துடைப்பமும்தான் எரியும், மேளம் தட்டிக்கொண்டு பிள்ளைகள் சுற்றும்.

பரணில் அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய பத்திரங்கள். இன்னும் பிரிக்கவில்லை.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்து. குக்கரில்தான் வைத்தேன். விசில் வந்தபோது "பொங்கலோ பொங்கல்" என்றோம்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

தெருவில் ஒரு பால்காரர் வீட்டு எருமைக்கு மட்டும் கொம்பில் நீலம் அடித்திருந்தது. செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம்.

தாத்தாவிடம் இரண்டு ஜோடி மாடு இருந்தது. ஒன்று வண்டிக்கு, ஒன்று கவலைக்கு. கவலை என்றால் மனக்கவலை இல்லை, கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது. மாடு சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுத்துச் சால் மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அப்புறம் மாடு பின்பக்கமாகவே நடந்து மேலே ஏற வேண்டும். பின்னால் நடக்க மாட்டைப் பழக்குவது சாமானியம் இல்லை. தாத்தா கயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே பாடுவார், பாட்டில் சால் எண்ணிக்கை வரும், பத்துக்கு ஒரு சாமி பேர். பம்ப்செட் வந்த பிறகு பாட்டு நின்றது. "மோட்டாருக்கு யார் பாடுவாங்க?" என்பாராம்.

ஏரித் தண்ணீர் அப்படி அல்ல, அது ஊருக்குப் பொது. முறை வைத்து வரும். காணிக்கு ஒரு ராத்திரி என்று ஊர் கூடிப் பேசிக்கொள்வார்கள். கரை உடைந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். களத்தில் நெல் தூற்றிக் குவித்ததும் ஒரு மூட்டைகூட வீட்டுக்குப் போகாது. முதலில் நெல் அளக்கிற மரக்கால் வரும். ஏரித் தண்ணீரைத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டிக்கு இவ்வளவு, தச்சருக்கு இவ்வளவு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, முடி வெட்டுகிறவருக்கு. இப்படிக் களத்தில் அளக்கிற பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். பழைய செங்கல்பட்டுக் கணக்குகளில் உள்ள சொல்தான். 1947-ல் சுதந்திரம் வந்தது என்று யாரோ சொன்னபோது ஆயா, "எத்தினி மரக்காலு?" என்று கேட்டாளாம். நூறு தடவை கேட்ட ஜோக். இப்போதும் சிரிப்பு வருகிறது.

எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அந்த மரக்கால் அத்தை வீட்டில் இருக்கிறது. பித்தளைப் பட்டை போட்டது. துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறார்.

18 ஜனவரி

மேலே "ஊருக்குப் பொது", "ஊர் கூடி" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மூன்று நாளாக அது உறுத்துகிறது.

ஊர் என்றால் ஊர்த்தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் நீர்க்கட்டி காலனிக்காரர். ஏரியில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது, எந்த மடையில் கசிகிறது, யார் ராத்திரியில் வரப்பை வெட்டித் திருடினார், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மதகில் இரண்டு கல்தூண், நடுவே குறுக்குக் கல், அதில் ஓட்டை போட்டு நீளமான கழி. கழியின் அடியில் மரக்கட்டையால் செய்த அடைப்பு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது அடைப்பு சரியாக உட்காராவிட்டால் மூழ்கிப் போய்க் காலால் மிதித்து உட்கார வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், இருட்டில். அதைச் செய்தவர் அவர். அவர் அடைக்காவிட்டால் எங்களுக்கு நவரை இல்லை.

அவர் தாத்தாவை "ஆண்டே" என்று கூப்பிடுவார். தாத்தா அவரை, தன்னைவிட மூத்தவரை, பேர் சொல்லி "வாடா" என்பார். திரௌபதியம்மன் தீமிதிக்குப் பத்து ராத்திரி கூத்து நடக்கும். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தெரு நீளத்துக்குப் படுத்திருப்பான். அந்த மண்ணை ஏரியிலிருந்து வெட்டிக் கொடுத்தது நீர்க்கட்டியும் அவர் மகன்களும். வண்டி எங்கள் தாத்தாவுடையது. அடித்து முடித்த பிறகு அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து நெல்குதிரில் போட எல்லோரும் ஓடுவோம். அவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள்.

சிறு வயதில் இதை நான் பார்த்தேன். கயிறு எதற்கு என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் பெருமையாக இங்கே எழுதியிருப்பேன்.

22 ஜனவரி

பத்திரங்களைப் பிரித்தேன்.

கவர்மெண்டு எடுக்கவில்லை.

மணலியில் ஆலைகள் வந்ததும், கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓட ஆரம்பித்ததும், நிலம் எடுக்கப்பட்டதும் நடந்தவைதான். எங்கள் பங்காளி ஒருவர் நிலம் அதில் போயிருக்கிறது. எங்கள் நிலம் போகவில்லை. எங்கள் நிலத்தைத் தாத்தாதான் விற்றார். 1974-ல் ஆரம்பித்து 1983 வரை, முதலில் வாய்க்காலுக்குத் தள்ளி இருந்த காணி, அப்புறம் துண்டு துண்டாக மற்றது. மொத்தம் 37 மனைகள். மிச்சம் 11 எங்கே என்று தம்பி கேட்டான். தெருவுக்குப் போயிருக்கும், லேஅவுட் போட்டால் ரோடு விட வேண்டாமா.

பத்திரத்தில் தாத்தாவின் தொழில் விவசாயம். கடைசிப் பத்திரம் வரை விவசாயம், கையில் ஒரு குழி இல்லாதபோதும்.

கவர்மெண்டு கதையை யார் முதலில் சொன்னார்கள்? அப்பாவாகத்தான் இருக்கும். ஒரு பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தே அப்பாவுடையது. தெரியாமல் சொல்லியிருக்க முடியாது.

22 ஜனவரி, இரவு

கோபம் கொஞ்சம் தணிந்துவிட்டது. விற்ற வருடங்களையும் வீட்டு விசேஷங்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். 1974 சின்ன அத்தை கல்யாணம். 1976 சித்தப்பாவுக்கு ஐ.டி.ஐ., கூடவே ஆயாவுக்கு ஆபரேஷன். 1979-ல் ஒரு விசேஷமும் இல்லை, ஆனால் இரண்டு மனை விற்பனை. அந்த வருடம் பெரியப்பா லாரி வாங்கினார், அதுவும் கவிழ்ந்தது. என் தோடு 1981. அது எனக்குத் தெரியாது, அத்தை சொன்னார்.

23 ஜனவரி

ஒரு பத்திரம் மட்டும் தனி. 1981. ஒரே ஒரு மனை, 60-க்கு 40. பக்கத்து மனைகள் ஏழாயிரத்துக்குப் போயிருக்கின்றன, இது இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு. வாங்கியவர் நீர்க்கட்டியின் மூத்த மகன்.

அத்தைக்குப் போன் போட்டேன். "அதுவா, பாக்கி" என்றார். நிலத்தை மனை போட்டதும் களம் இல்லை, களம் இல்லாததால் சுதந்திரமும் இல்லை. நீர்க்கட்டி மட்டும் பழக்கத்துக்கு மதகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாராம். தாத்தா ஆறேழு வருடக் கணக்கை மனசில் வைத்திருந்து மனையாகக் கொடுத்தாராம்.

சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "அது பள்ளம். முழங்காலுக்குத் தண்ணி நிக்கும். வேற எவன் வாங்குவான்?"

இரண்டுமே இருக்கலாம். அத்தை பேச்சை நம்பத்தான் மனசு சாய்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

2 பிப்ரவரி

ஒன்பது நாளாக எதுவும் எழுதவில்லை. நடுவில் மீஞ்சூர் போய் வந்தேன்.

அத்தை வீட்டுக் கிணறு உப்பு. அவர் வாழ்க்கைப்பட்டுப் போனபோது அந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமாம், இப்போது துணி துவைத்தால்கூட வெளுக்கவில்லை. தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் வயலுக்கும் எல்லோருமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் மீஞ்சூர் மண்ணுக்கடியில் கடல் உள்ளே ஏறியது, 1969-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு 2010-ல் அதே பக்கம், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தினம் 10 கோடி லிட்டர். அத்தைக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. "மண்ணுக்கடியில உப்புத்தண்ணி, குழாயில நல்லதண்ணி. அப்போ தலைகீழா இருந்துது" என்று சொல்லிவிட்டு சீரியல் வைத்தார்.

தாத்தா ஒரு நாள்கூடத் தன்னை மெட்ராஸ்காரர் என்று சொன்னதில்லை என்றார் அத்தை. கொத்தவால்சாவடிக்குக் கிளம்பினால் "பட்டணம் போறேன்". 1991-ல் இறந்தார். 1996-ல் மெட்ராஸ் சென்னையானது, அதே வருடம் சாவடி கோயம்பேட்டுக்குப் போனது. 2011-ல் மாதவரமும் மணலியும் மாநகராட்சியில் சேர்ந்தன. 2018-ல் மாதவரம் தாலுகாவே சென்னை மாவட்டத்துக்கு வந்தது. செத்து இருபத்தேழு வருடம் கழித்து அவரைப் பட்டணத்துக்காரர் ஆக்கிவிட்டார்கள். கேள்வி கேட்டவருக்கு இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: அப்போது அது வடசென்னை இல்லை, செங்கல்பட்டு ஜில்லா. உங்கள் ஆபீஸ்காரரை நம்புங்கள். எவ்வளவு நிலம் என்று மட்டும் கேட்காதீர்கள், பெருக்க ஆரம்பித்துவிடுவார்.

மரக்காலைத் தரவா என்று அத்தை கேட்டார். கிளிப்பை எங்கே போடுவார் என்று கேட்டேன். "அதுவும் சரிதான்" என்று வைத்துக்கொண்டார்.

9 பிப்ரவரி

இன்று அந்த மனையைப் பார்க்கப் போனேன். பத்திர நகலும் கையுமாக, ஏதோ சர்வேயர் மாதிரி.

மாடி வீடு, கீழே செல்போன் கடை. நீர்க்கட்டியின் பேரன் கல்லாவில் இருந்தார், நாற்பது வயது இருக்கும். யார் என்று சொன்னதும் சேர் போட்டார், டீ சொன்னார். "வாங்கக்கா" என்றார். அவர் தாத்தா "ஆண்டே" என்றது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு வந்திருக்குமா தெரியவில்லை, நானும் எடுக்கவில்லை.

சுவரில் ஒரு கோடு, இடுப்புயரத்துக்கு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அதற்குக் கீழே மங்கலாக இன்னொன்று, 2015.

"உங்க தாத்தா எங்கப்பாவுக்கு வாய்க்காலை வித்துட்டாருக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பழைய பேச்சாக இருக்க வேண்டும், கடைப் பையன்கூடச் சிரித்தான்.

நான் பத்திரத்தைப் பிரித்து நான்கெல்லையைப் படித்தேன். கிழக்கில் இன்னார் மனை, தெற்கில் பதினாறு அடிப் பாதை, மேற்கில் மனை, வடக்கில் ஏரிப் பாசன வாய்க்கால். ஆக வாய்க்கால் வடக்கே இருந்தது, மனைக்குள் இல்லை. தாத்தா விற்றது வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தை. வெளியே வந்து வடக்கே பார்த்தோம். சிமெண்ட் ரோடு, வீட்டு வாசலைவிட இரண்டடி உயரம்.

"இதுதான் வாய்க்கால்" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அதன்பின் கோட்டைப் பார்த்தார்.

"எங்க தாத்தா சொல்வாராம், இங்கதான் மடை இருந்துதுன்னு. அந்தக் கரண்ட் கம்பம் இருக்குற எடம்." எனக்கு மடை இருந்த இடம் தெரியாது. நாங்கள்தான் சொந்தக்காரர்கள்.

பாக்கிக் கதையைக் கேட்கலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவரே வேறொன்று கேட்டார். மாடியில் இன்னொரு தளம் போட பேங்க் லோன், அதற்குத் தாய்ப்பத்திரம் வேண்டுமாம், எங்கள் தாத்தாவுக்கு நிலம் வந்த பத்திரம். அவர்களிடம் இருந்ததை 2015 தண்ணீரில் விட்டார்கள்.

டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

10 பிப்ரவரி

ஜெராக்ஸ் எடுத்தேன். பழைய தாள், மடிப்பில் கிழிந்திருக்கிறது. கடைக்காரர் கண்ணாடி மேல் மெதுவாக வைத்து அழுத்தாமல் எடுத்தார். கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் கட்டைவிரல் ரேகை. 1981 பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாரே, நடுவில் எப்போது கற்றுக்கொண்டார்? அத்தையைக் கேட்க வேண்டும்.

"பின்பக்கமும் எடுக்கவா மேடம், சீல் இருக்கு" என்றார். எடுக்கச் சொன்னேன். இரண்டு செட்.